மகள் சம்பாதித்த சொத்துக்குப் பெற்றவள் வாரிசில்லையா? தமிழ்நாடு சட்டப்பேரவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் ஒரு பத்திர எழுத்தர். கிரயம், தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை, உயில் என்று அடுத்தவர் சொத்து கைமாறுவதை எழுதித் தருவது என் தொழில். என்னிடம் வரும் குடும்பங்களில் ஒரு வகைக் குடும்பத்துக்கு மட்டும் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல முடிவதில்லை. பெண் இறந்திருப்பாள். பிள்ளை இல்லை. கணவனும் முன்பே போய்ச் சேர்ந்திருப்பான். அவள் பேரில் ஒரு வீடோ மனையோ, வங்கியில் கொஞ்சம் பணமோ இருக்கும். பெற்ற தாய் வந்து, இதை என் பேருக்கு மாற்ற என்ன செய்யணும் என்று கேட்பார். உங்கள் பேருக்கு வராதம்மா என்பதுதான் சட்டப்படி நான் சொல்ல வேண்டிய பதில்.

அந்தப் பதிலை மாற்றித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல். டெல்லிக்கு எழுத வேண்டியதைக் கோட்டைக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இதைத் திருத்தும் அதிகாரம் உங்களுக்கும் உண்டு. அந்த அதிகாரத்தை ஒருமுறை பயன்படுத்தி, டெல்லிக்கே முன்னால் நடந்து காட்டிய அவை இது.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவைத்தான் சொல்கிறேன். உயில் எழுதாமல் இறந்துபோன இந்துப் பெண்ணின் சொத்து யாருக்கு என்று அது வரிசை போடுகிறது. முதல் வரிசையில் மகன், மகள், கணவன். முன்பே இறந்த பிள்ளையின் பிள்ளைகளும் இதில் அடக்கம். இவர்களில் ஒருவரும் இல்லை என்றால் இரண்டாவது வரிசை, கணவனின் வாரிசுகள். அவர்களிலும் ஒருவர்கூட இல்லை என்றால்தான் மூன்றாவதாக அவளைப் பெற்ற தாயும் தந்தையும். அதற்கும் பிறகு தந்தையின் வாரிசுகள், கடைசியில் தாயின் வாரிசுகள்.

கணவனின் வாரிசுகள் என்றால் மாமியார் மாமனாரோடு நிற்பதில்லை. கொழுந்தன், நாத்தனார், அவர்கள் பிள்ளைகள், பெரியப்பா சித்தப்பா வழி என்று பங்காளிகள் வரை நீளும். அவள் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு அவள் முகத்தைக்கூடப் பார்க்காதவர், பெற்ற தாய்க்கு முன்னால் வாரிசாக நிற்கலாம்.

இதே சட்டத்தில் ஓர் ஆண் இறந்தால் என்ன நடக்கிறது என்று 8ஆம் பிரிவைப் பாருங்கள். அவனைப் பெற்ற தாய் முதல் வகுப்பு வாரிசு. மனைவி மக்களோடு சரிசமமாக ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார். நல்ல ஏற்பாடு அது. வயதான காலத்தில் மகனை இழந்த தாய் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவன் மனைவியின் அப்பா, அண்ணன், தங்கை எல்லாம் அவன் வாரிசுப் பட்டியலில் எந்த மூலையிலும் கிடையாது. நம் ஊரில் தாய்மாமன் மகளைக் கட்டியவன் என்றால் மாமனார் வரக்கூடும். அதுவும் தாய்மாமன் என்ற முறையில் இரண்டாம் வகுப்பின் கடைசியில் வருவாரே தவிர, மாமனார் என்ற முறையில் அல்ல. மற்றபடி சொந்தம் என்று ஒருவருமே மிஞ்சாவிட்டால் 29ஆம் பிரிவின்படி ஆணின் சொத்து அரசாங்கத்துக்குப் போகும். மனைவி வீட்டுக்குப் போகாது. மனைவி இறந்தால் மட்டும் அவள் உழைப்பு முழுவதும் கணவன் வீட்டுக்குப் போகிறது, பெற்றவளைத் தாண்டிக்கொண்டு.

இந்த வரிசையை நடைமுறைப்படுத்த 16ஆம் பிரிவில் ஒரு விதி இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் அதை நிறுத்திப் படித்திருப்பீர்கள் என்று தெரியாது. தயவுசெய்து ஒருமுறை படியுங்கள். இறந்த பெண்ணின் சொத்து கணவனின் வாரிசுகளுக்குப் போகும்போது எப்படிப் பங்கிட வேண்டும்? அந்தச் சொத்து கணவனுடையது என்றும், அவள் இறந்ததற்கு அடுத்து அவன் உயில் எழுதாமல் இறந்தான் என்றும் வைத்துக்கொண்டு பங்கிட வேண்டும். பத்து வருடம் முன்பு இறந்த கணவனை மனைவிக்குப் பிறகு இறந்தவனாக நினைத்துக்கொள்ள வேண்டும். அவள் தவணை கட்டி வாங்கிய வீட்டை அவன் வீடாக நினைத்துக்கொள்ள வேண்டும். கிரயப் பத்திரத்தில் அவள் பேர், பட்டாவில் அவள் பேர், வீட்டு வரி ரசீதில் அவள் பேர். வாரிசு பார்க்கும்போது மட்டும் அவள் அந்தச் சொத்தின் சொந்தக்காரியாக இல்லாமல் போகிறாள்.

சட்டம் எழுதியவர்கள் சொத்து எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அதைப் பார்க்கிறது. தாய் தந்தையிடமிருந்து வாரிசு முறையில் அவளுக்கு வந்த சொத்து, அவளுக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லாவிட்டால் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். கணவனிடமிருந்தோ மாமனாரிடமிருந்தோ வாரிசு முறையில் வந்தது கணவன் வழிக்குத் திரும்பும். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அருணாசல கவுண்டர் வழக்கு நம் மாநிலத்திலிருந்து போனதுதான். அதிலும் இந்த நியாயம் தெளிவாகச் சொல்லப்பட்டது. அப்பா வீட்டிலிருந்து வந்தது அப்பா வீட்டுக்கு, புருஷன் வீட்டிலிருந்து வந்தது புருஷன் வீட்டுக்கு. சரி. எந்த வீட்டிலிருந்தும் வராமல், அவள் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தது? அதற்கு இந்த உட்பிரிவில் இடமே இல்லை. அதனால் அது பொது வரிசையில் விழுந்து கணவனின் வாரிசுகளுக்குப் போகிறது. 1956இல் பெண்ணுக்குச் சொந்தச் சம்பாத்தியம் என்று பெரிதாக ஒன்று இருக்கும் என யாரும் எண்ணவில்லை. அந்த நினைப்பு இன்றும் சட்டமாக நீடிக்கிறது.

என் மேசைக்கு வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவள். கணவன் சாலை விபத்தில் போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் அம்மாவோடு வந்து இருந்தாள். மூன்று சென்ட் மனை வாங்கி, வங்கிக் கடனில் வீடு கட்டினாள். காம்பவுண்டுச் சுவருக்குப் பணம் பற்றாமல் அம்மாவின் தோட்டையும் செயினையும் அடகு வைத்தார்கள். வீட்டுக்கடன் முடிந்த பிறகு அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. கோவைக்கும் ஊருக்கும் பஸ்ஸில் கூட்டிப் போய் வந்து, கடைசி வரை பார்த்தது அம்மாதான்.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டார்கள். விசாரணைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர், கணவர் வழியில் யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்டார். அவர்மேல் தப்பில்லை, சட்டம் அப்படித்தான் கேட்கச் சொல்கிறது. மாமியாரும் மாமனாரும் உயிரோடு இல்லை. வெளியூரில் கொழுந்தன் ஒருவர், நாத்தனார் ஒருவர். அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து மூலப்பத்திரம், இறப்புச் சான்று, வங்கியின் கடன் முடிந்த கடிதம், அடகுக் கடை ரசீது எல்லாவற்றையும் எடுத்து மேசையில் அடுக்கினார். அடகு ரசீது எதற்கு என்று கேட்டேன். "என் காசும் இதுல இருக்குதுன்னு காட்டணுமில்ல தம்பி" என்றார். வாரிசு பார்க்கிற இடத்தில் அந்த ரசீதுக்கு எந்த மதிப்பும் இல்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? கொழுந்தனும் நாத்தனாரும் நல்ல மனசு வைத்து, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் வழி. அவர்கள் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை.

இது எங்கோ ஒரு மூலையில் நடந்தது என்று ஒதுக்க முடியாதபடி, உச்ச நீதிமன்றத்திலேயே இதைவிடக் கொடுமையான வழக்கு ஒன்று 2009இல் முடிந்தது. ஓம் பிரகாஷ் எதிர் ராதா சரண் என்று சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவன் பாம்பு கடித்து இறந்தான். உடனே புகுந்த வீட்டிலிருந்து துரத்திவிட்டார்கள். பெற்றோர் அவளைப் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனாள், வங்கியிலும் சேமநல நிதியிலும் நல்ல தொகை சேர்த்தாள். உயில் எழுதாமல் 1996இல் இறந்தாள். தாய் கேட்டார், கணவனுடைய சகோதரியின் மகன்களும் கேட்டார்கள். தாயின் பக்கத்துக்காக வாதாடியவர்கள், துரத்திவிட்ட குடும்பத்துக்கு என்ன உரிமை என்று கேட்டார்கள். வழக்கு கடினமானதுதான், ஆனால் உணர்ச்சியையும் அனுதாபத்தையும் வைத்து வாரிசு தீர்மானிக்க முடியாது என்ற பொருளில் சொல்லி, நீதிமன்றம் கணவன் வழியினருக்கே கொடுத்தது. தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. சட்டம் அப்படி இருந்தால் நீதிபதி என்ன செய்வார்? சட்டத்தை எழுதும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

அந்தத் தீர்ப்புக்கு ஓராண்டு முன்பே, 2008இல், சட்ட ஆணையம் தன் 207ஆவது அறிக்கையில் இந்தப் பிரிவைத் திருத்தச் சொல்லிவிட்டது. ஆணையத்தின் தலைவராக இருந்தவர் நம் மண்ணைச் சேர்ந்த நீதியரசர் ஏ.ஆர். லட்சுமணன். பெண் தானே சம்பாதித்த சொத்து, பிள்ளையும் கணவனும் இல்லாதபோது, கணவன் வழி வாரிசுகளுக்கும் பிறந்த வீட்டு வாரிசுகளுக்கும் ஒருசேரப் போக வேண்டும் என்றது அறிக்கை. 2012இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், ஆண் பெண் என்ற ஒரே காரணத்தால் வேறுபாடு காட்டும் இந்த வரிசை அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்றார். சட்டம் அசையவில்லை.

2025 நவம்பரில் இந்தப் பிரிவை எதிர்த்த மனு ஒன்றை முடித்துவைத்தபோது, செல்லுமா செல்லாதா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் திறந்தே வைத்துவிட்டு, பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உடனே உயில் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. பெற்றோர் வழியில் உரிமை கோரி வந்தால் வழக்குக்கு முன் சமரசத்துக்குப் போக வேண்டும் என்றும் சொன்னது. அக்கறையோடு சொன்ன வார்த்தைகள்தான் இரண்டும். ஆனால் உயில் எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும்.

உயில் எழுதுவது சட்டப்படி எளிது. வெள்ளைத்தாள் போதும். முத்திரைத்தாள் வேண்டாம். பதிவுகூட கட்டாயமில்லை. எழுதுபவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், அவ்வளவே. ஆனால் என்னிடம் உயில் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள். இருபத்தேழு வயதுப் பெண், கல்யாணமாகி ஒரு வருடம் ஆனவள், தன் சம்பளத்தில் வாங்கிய மனையை அம்மாவுக்கு என்று உயில் எழுதிப் பதிவு செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேதி வீட்டுக்குத் தெரிந்தால் அந்த வீட்டில் அவள் எப்படி வாழ்வாள்? சாவைப் பற்றிப் பேசுவதே அபசகுனம் என்று நினைக்கிற வீடுகள் இவை. அப்படியும் ஒருத்தி துணிந்து எழுதினால், அவள் இறந்த பிறகு அந்த உயில் போலி என்று கணவன் வீட்டார் வழக்குப் போடுவார்கள். சாட்சி போட்டவர் ஒருவரையாவது கூண்டில் ஏற்றி மெய்ப்பிக்க வேண்டும். சாட்சி உயிரோடு இல்லை என்றால் இன்னும் கஷ்டம். அறுபது வயதுத் தாய் இதையெல்லாம் செய்ய வேண்டும், மகளைப் பறிகொடுத்த கையோடு.

இன்னொன்றும் உண்டு. வாரிசுரிமைச் சட்டமே உயில் எழுதாமல் போனவர்களுக்காக உண்டானது. எழுதாதவர் மனதில் இயல்பாக என்ன இருந்திருக்கும் என்று யோசித்துத்தான் சட்டம் வரிசை போட வேண்டும். தான் சம்பாதித்ததை அம்மாவுக்குக் கொடுக்காமல் கணவனின் பெரியப்பா பேரனுக்குக் கொடுக்கும் எண்ணம் எந்தப் பெண்ணுக்கு இருந்திருக்கும்? எண்ணிப் பாருங்கள், உங்கள் வீட்டுப் பெண்களையே கேட்டும் பாருங்கள்.

சமரசம் என்பதிலும் எனக்குக் கவலை இருக்கிறது. பேச்சுவார்த்தையில் உட்காரும் இரண்டு பக்கத்துக்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டும். கொழுந்தன் பக்கம் சட்டம் முழுதாக இருக்கிறது. தாயின் பக்கம் கண்ணீர் மட்டும். எதிர்ப்பக்கம் இரக்கப்பட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். சட்டத்தில் பாதி உரிமையாவது இருந்தால் அந்தத் தாய் தலைநிமிர்ந்து பேசுவார்.

வங்கியில் நாமினி போட்டிருக்கிறேனே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். மகள் தன் வைப்புத் தொகைக்கு அம்மாவை நாமினியாகப் போட்டிருப்பாள்; அம்மாவும் பணத்தை வாங்கிவிடுவார். ஆனால் நாமினி என்பவர் வாங்கி வைத்திருப்பவர்தான், சொந்தக்காரர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1984இல் காப்பீட்டு வழக்கிலும் 2023இல் பங்குகள் குறித்த வழக்கிலும் சொல்லியிருக்கிறது. கணவன் வழி வாரிசு வழக்குப் போட்டால் அம்மா எடுத்த பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டி வரும். ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்று ஆகியிருக்கிறது. அங்கே திருத்த முடிந்தது, பாருங்கள்.

எனக்கு மிகவும் மனம் கனக்கும் இடம் செட்டில்மெண்ட். மகளுக்கும் ஒரு பங்கு எழுதி வைக்கும் தகப்பன்மார் இப்போது கூடியிருக்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். "இன்று முதல் நீ சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று நான் வாசித்துக் காட்டும்போது சில அப்பாக்களுக்குக் கண் கலங்கும். ஆனால் மேலே சொன்ன இரண்டாம் உட்பிரிவு வாரிசு முறையில் வந்த சொத்தைத்தான் அப்பா வழிக்குத் திருப்புகிறது. தானமாகவோ செட்டில்மெண்டாகவோ உயிலாலோ வந்தது அதில் சேராது. நீதிமன்றங்கள் இப்படித்தான் பொருள் கொண்டு வந்திருக்கின்றன. அதாவது அப்பா எதையும் எழுதாமல் இறந்து, மகளுக்குப் பங்கு வந்திருந்தால், அவள் பிள்ளையில்லாமல் இறக்கும்போது அது அண்ணன் தம்பிக்கோ அம்மாவுக்கோ திரும்பும். பாசத்தோடு உயிரோடிருக்கும்போதே எழுதிக் கொடுத்திருந்தால், கணவனுக்கும் அவன் வாரிசுகளுக்கும் போய்விடும். இது தெரிந்த நாளிலிருந்து, மகளுக்கு எழுதும் எந்த அப்பாவிடமும் ஆயுட்கால அனுபவ உரிமையைத் தமக்கும் மனைவிக்கும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அது அவர்கள் குடியிருக்கும் உரிமையைக் காப்பாற்றும். சொத்தைக் காப்பாற்றாது.

கணவனும் மனைவியும் ஒரே விபத்தில் போனால் என்ன ஆகும் என்று ஒரு வங்கி அதிகாரி என்னிடம் கேட்டார். யார் முதலில் இறந்தார் என்று தெரியாவிட்டால் வயதில் இளையவர் பிறகு இறந்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. நம் வீடுகளில் மனைவிதான் பெரும்பாலும் இளையவள். பிள்ளையில்லாத தம்பதி என்றால் கணவன் சொத்தில் அவளுக்கு வந்த பங்கும் திரும்ப அவன் வீட்டுக்கு, அவள் சொந்தச் சம்பளத்தில் சேர்த்ததும் அவன் வீட்டுக்கு. அவளைப் பெற்றவர்களுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

இதே தெருவில் இருக்கும் மற்றவர்கள் நிலை வேறு. கிறிஸ்தவப் பெண் பிள்ளையில்லாமல் இறந்தால், 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கணவனுக்குப் பாதி. மறுபாதி அவளுடைய தந்தைக்கு, தந்தை இல்லாவிட்டால் தாய்க்கும் உடன்பிறந்தோருக்கும். முஸ்லிம் பெண் என்றால் கணவனுக்குப் பாதி, மீதியில் தாய்க்கும் தந்தைக்கும் பங்கு உண்டு. இந்துப் பெண்ணே சிறப்புத் திருமணச் சட்டப்படி வேற்று மதத்தவரை மணந்திருந்தால் 1925 சட்டம் பொருந்தி, அவள் பெற்றவர்களுக்கும் பங்கு வந்துவிடும். இந்துவை மணந்த இந்துப் பெண்ணின் தாய்க்குத்தான் எதுவும் இல்லை. 1956க்கு முந்தைய பழைய இந்து வாரிசு முறையான மிதாட்சரத்திலேயே சிலவகைத் திருமணங்களில் பிள்ளையில்லாத பெண்ணின் சீதனம் அவள் தாய் தந்தைக்குப் போனது. ஏன், வரதட்சணைத் தடைச் சட்டத்தில் 1986இல் ஒரு திருத்தம் வந்தது: கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் பெண் இயற்கையல்லாத காரணத்தால் இறந்து, பிள்ளையும் இல்லாவிட்டால், வரதட்சணையாகப் போனது அவள் பெற்றோருக்குத் திரும்ப வேண்டும். பெற்றவர்கள் கொடுத்ததைத் திருப்பித் தரச் சொல்லும் மனம் நாடாளுமன்றத்துக்கு இருந்திருக்கிறது. அவள் உழைத்துச் சேர்த்ததற்கு அந்த மனம் இன்னும் வரவில்லை.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதை நேர்மையாக எடுத்துக்கொள்கிறேன். கணவன் இறந்த பிறகும் மாமியாரோடேயே இருந்து, அவரைத் தாயாகப் பார்த்துக்கொண்ட மருமகள்கள் உண்டு. அப்படி ஒருத்தி இறந்தால், அவள் சம்பளத்தில் கஞ்சி குடித்த மாமியாரைக் கைவிட்டுவிட்டு எங்கோ இருக்கும் அண்ணனிடம் கொடுப்பதா? நியாயமான கேள்வி. கணவன் வழியில் வாரிசு முறையாக வந்த சொத்து எப்படியும் கணவன் வழிக்குத்தான் திரும்பும். அதை நான் தொடச் சொல்லவில்லை. அவள் சம்பாத்தியத்திலும், அவளை நம்பி வாழ்ந்த மாமியார் மாமனாருக்கு ஒரு பங்கு வைக்கலாம், தப்பில்லை. அவளோடு வாழ்ந்தவர்களுக்கும் பங்காளிகளுக்கும் ஒரே இடம் கொடுத்திருப்பதைத்தான் எதிர்க்கிறேன். சட்ட ஆணையம் சொன்ன சரிபாதிகூட எனக்கு முழுச் சம்மதமில்லை, பெற்றவர்கள் முன்னால் நிற்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனாலும் பூஜ்யத்துக்குப் பாதி எவ்வளவோ மேல்.

இனி உங்கள் அதிகாரத்துக்கு வருகிறேன். உயில், வாரிசுரிமை, கூட்டுக் குடும்பம், பாகப்பிரிவினை எல்லாம், மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் செய்யக்கூடிய பொதுப்பட்டியலில், அரசியல் சட்டத்தில் 5ஆவது இனமாக இருக்கின்றன. மத்திய சட்டத்துக்கு மாறாக மாநிலம் சட்டம் செய்து குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கினால், 254ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி அந்த மாநிலத்தில் அதுவே செல்லும். புதிய வழியல்ல இது. கலைஞர் முதல்வராக இருந்த 1989இல் இதே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத்தான் இந்த அவை திருத்தியது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பிலேயே பங்கு என்று கொண்டுவந்து, 1989 மார்ச் 25 முதல் நடைமுறைப்படுத்தியது. நாடாளுமன்றம் அதைச் செய்தது 2005இல். 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்ட மண், அறுபது வருடம் கழித்து அதைச் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்தால் பங்கு கிடைத்த பெண்களுக்கு எத்தனையோ பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதியிருக்கிறேன். அந்தச் சொத்தை விற்று வேறு வீடு வாங்கியவள் பிள்ளையில்லாமல் இறந்தால், அந்த வீடு யாருக்கு என்ற சண்டைக்கு இன்று சட்டத்தில் தெளிவான பதில்கூட இல்லாமல் குடும்பங்கள் நீதிமன்றம் ஏறுகின்றன.

1989 திருத்தத்தில் ஒரு குறையும் இருந்தது. அதற்கு முன்பே கல்யாணமான மகள்களை அது வெளியே நிறுத்தியது. தங்கைக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை என்று ஒரே வீட்டில் இரண்டு நியாயம் நடந்தது. இந்த முறை அப்படி எவரையும் விட்டுவிட வேண்டாம். இதுவரை பங்கிடப்படாமலும் தீர்ப்பாகாமலும் இருக்கும் சொத்துகளுக்கும் சேர்த்தே எழுதுங்கள்.

நான் கேட்பது 15ஆம் பிரிவுக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் ஒன்று. ஆணின் தாய் முதல் வகுப்பில் இருப்பது போலப் பெண்ணின் தாயும் முதல் வரிசையில், பிள்ளைகளோடும் கணவனோடும் சேர்ந்து நிற்கட்டும். கணவன் உயிரோடு இருந்தும் பல்லாண்டு அவளைக் கைவிட்டுப் போய், விவாகரத்து மட்டும் ஆகவில்லை என்ற ஒரே காரணத்தால் முழுச் சொத்தையும் எடுத்துக்கொள்வதும் அதோடு நின்றாக வேண்டும். கைவிட்டவனுக்கு உரிமையில்லை என்று ஒரு வரி சேருங்கள். பிள்ளையும் கணவனும் தாயும் இல்லாதபோது தந்தை, உடன்பிறந்தோர், அவளை நம்பியிருந்த மாமியார் மாமனார் என்று வரிசை வரட்டும். பங்காளிகள் கடைசியில் வரட்டும். பெற்றோரிடமிருந்து வாரிசு முறையில் வந்ததற்கு உள்ள பாதுகாப்பு தானம், செட்டில்மெண்ட், உயில் மூலம் வந்ததற்கும் நீளட்டும்.

திருத்தம் வரும்வரை உடனே செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. பெண் பேரில் கிரயமோ செட்டில்மெண்டோ பதிவாகும் ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும், அவள் உயில் எழுதாமல் இறந்தால் அந்தச் சொத்து யாருக்குப் போகும் என்று தமிழில் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு இன்று அதை யாரும் சொல்வதில்லை. நான் சொல்லும்போது நம்ப மறுத்து, வக்கீலிடம் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களே அதிகம்.

தனிநபர் மசோதாவாகவேனும் உங்களில் ஒருவர் இதை அடுத்த கூட்டத்தொடரில் முன்வைத்தால், பதிவு நடைமுறையில் நான் கண்ட விவரங்களை எழுத்தில் தரத் தயாராக இருக்கிறேன். என்னைப் போன்ற பத்திர எழுத்தர்களும் வழக்கறிஞர்களும் எல்லா வட்டத்திலும் இருக்கிறார்கள். குழு ஒன்று அமைத்து எங்களையும், முக்கியமாக மகள்களை இழந்த தாய்மாரையும் அழைத்துக் கேளுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
பத்திர எழுத்தர் ஒருவர்